நெருங்கிப் பழகியவர்கள்

சிங்கப்பூர்
10 ஜூன் 2025, செவ்வாய்

அன்புப் பிரேமா,

தொழிற்சாலையில் உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். செனாயிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது படி.

இந்த வாரக் கடைசியில் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவனுக்கு எம்பாக்ஸ், அதான் குரங்கம்மை. விடுதிக் காப்பாளன் என்பதால் எல்லாம் என் தலையில். போன வியாழனே பிள்ளைகளை உட்காரவைத்து அறிவுரையை வாசித்தேன். காய்ச்சல், நெறிக்கட்டு, கொப்புளம் வந்தால் ஒளிக்காதீர்கள். துண்டையும் படுக்கையையும் பகிராதீர்கள். நெருங்கிப் பழகியவர்களிடம் உடனே சொல்லுங்கள், நான்கு நாளுக்குள் தடுப்பூசி போட்டால் அவர்களுக்கு வராமலே தடுக்கலாம். ஒரு பையன் எழுந்து, "சார், யாரோட பழகினோம்னு வீட்டுக்கும் தெரிஞ்சிடுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கும் கொஞ்சம் காய்ச்சல்தான். அலைச்சல். நேரத்துக்குச் சாப்பிடு. பாப்பா உதைக்கிறதா?

உன்
வசந்தன்

*

செடெனாக்
மலேசியா
12 ஜூன்

அன்புள்ள வசந்தனுக்கு,

பாப்பா நன்றாகவே உதைக்கிறது. அப்பா வரவில்லை என்றதும் இன்னும் ஓங்கி ஓர் உதை.

உங்களுக்கு மீன் குழம்பு வைக்கலாம் என்று அம்மா நேற்றே மீன் வாங்கிவிட்டார். இனி நானும் அவருமாகத்தான் தின்று தீர்க்க வேண்டும். போகட்டும்.

மணிக்கட்டில் இருந்த கொசுக்கடி ஆறிவிட்டதா? வெள்ளிக்கிழமை நான் மருந்து பூசியபோது நீர் கோத்திருந்தது. காய்ச்சல் வேறு என்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வாசித்ததை உங்களுக்கும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிளினிக் போய்விட்டு எழுதுங்கள்.

உங்கள்
பிரேமா

*

14 ஜூன்

பிரேமா,

போனில் சொல்ல வாய் வரவில்லை. எம்பாக்ஸ்தான். தனி அறையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மோசமில்லை. உன்னை நினைத்தால்தான் உயிர் போகிறது. நீ தொட்டாய், என் பக்கத்தில் படுத்தாய், வயிற்றில் பிள்ளை. பல்கலைக்கழகக் கிளினிக்கில் குடும்பத்தினருக்கும் ஊசி போடுகிறார்கள். பிரேமலா என்று உன் முழுப் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் அண்ணன் மகேஸ்வரனை அழைத்துக்கொண்டு உடனே வா. ஜிம்மில் யாருடைய துண்டையோ எடுத்துத் துடைத்துவிட்டேன் போலிருக்கிறது.

வசந்தன்

*

செடெனாக்
16 ஜூன்

வசந்தனுக்கு,

நேற்று அண்ணன் காரில் வந்து ஊசி போட்டுக்கொண்டேன். உங்களை வைத்திருக்கும் கட்டடம் கிளினிக் வாசலிலிருந்தே தெரிந்தது. "பார்த்துட்டுப் போலாமா?" என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

டாக்டர் நல்லவர். "இன்னும் ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்ப போட்டா, வந்தாலும் வேகம் குறையும். கடைசியா பழகின நாள்லேர்ந்து மூணு வாரம் கவனமா இருங்க" என்றார். கர்ப்பத்தில் வந்தால் பிள்ளைக்கு ஆபத்தா என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். இங்கே எழுத மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகளுக்கு வாசித்தீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து கொசுக்கடி என்றீர்கள். நானும் ஊதி ஊதி மருந்து பூசினேன்.

துண்டைப் பற்றியும் கேட்டேன். துண்டிலும் வரலாமாம். ஆனால் பெரும்பாலும் உடம்போடு உடம்பு ஒட்டினால்தானாம். இதற்கு மேல் நான் துருவப் போவதில்லை. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அவளிடம் சொல்லிவிட்டீர்களா?

பிரேமா

*

18 ஜூன்

பிரேமா,

சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் சொன்னேன். அவளுக்கும் முன்பே கொப்புளமாம். வெட்கப்பட்டு அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். நேற்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அது கொசுக்கடி இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை நீ கையைப் பிடித்தபோது சொல்ல நினைத்தேன். சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவளோடு எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பா மேல் சத்தியம். இந்தத் தனி அறையிலிருந்து வெளியே விட்டதும் வீட்டுக்கு வரவா?

வசந்தன்

*

செடெனாக்
1 ஜூலை

வசந்தனுக்கு,

பாப்பா மேல் சத்தியம் செய்யாதீர்கள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. நேற்று நர்ஸ் மிஸ்ஸி உடம்பு முழுக்கப் பார்த்து, "கிளியர்லா, போய் நல்லா தூங்குங்க" என்றார். பாப்பாவின் இதயம் துடிப்பதையும் கேட்கவைத்தார்கள். அங்கேயே அழுதுவிட்டேன்.

இந்த இரண்டு வாரமும் அறைக்குள்ளேயே இருந்தேன். அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டு எட்டி நின்று பேசுவார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று வயிற்றைத் தடவித் தடவிப் பார்ப்பேன். வியர்க்குருவைப் பார்த்தாலும் விளக்கைப் போட்டு மறுபடி பார்ப்பேன். உங்கள் மேல் வந்த கோபம்கூட அந்தப் பயத்தில் நிற்கவில்லை. இப்போது பயம் போய்விட்டது. கோபம் திரும்பி வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மை வந்தா ஊருக்கே தெரியிற மாதிரி வாசல்ல வேப்பிலை கட்டுவோமே. இதைப் போய் ஏன் ஒளிச்சாரு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் தேறிவிட்டாளா? அவளுக்குச் சமைத்துப் போட ஆள் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிள்ளை பிறந்ததும் அண்ணன் தகவல் சொல்வார். பெயர் சூட்டும் அன்று வாருங்கள். பிள்ளையின் காதில் அப்பாதான் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறார் அம்மா. மத்தியானம் எங்களோடு சாப்பிடலாம். சாயங்காலம் நீங்கள் திரும்பிப் போக ஜொகூர் பாருவுக்கு பஸ் இருக்கிறது.

பிரேமலா