மேனேஜர் நாற்காலியில் நான்

கர்த்தருக்குள் பிரியமான என் மனைவிக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முதுகுவலி குறைந்ததா?

ஊர் ஊராகப் போய்ச் சபைகளையும் ஊழியர்களையும் விசாரிக்கிற அப்போஸ்தலர் ஐயா நேற்று எங்களிடம் வந்தார். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் துணி மூட்டைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்பது பேர் ஆராதிப்போமே, அங்கேதான். அவருக்காக மேனேஜர் அறை நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். மனுஷர் என்னை அதில் உட்காரவைத்துவிட்டார்!

“பாஸ்டர், இத்தனை பேருக்கும் நீங்க ஜெபம் பண்றீங்க. உங்களுக்கு யாரு பண்றாங்க?”

வாரம் தவறாமல் பிரசங்கம் பண்ணுகிற நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஈரத்தரையில் முழங்கால்படியிட்டார். பின்னாலேயே நாற்பது பேரும். இஸ்திரி போடும் அண்ணன் என் தலையில் கை வைத்தார். அந்தச் சூடு இன்னும் இறங்கவில்லை. தேவன் பக்கத்தில் இருக்கிறார் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நேற்றுதான் எனக்கே தெரிந்தது.

யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காமல் அனுப்பு, வீட்டு வாசனை அப்படியே இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஐயா உன் நம்பரையும் வாங்கிப் போயிருக்கிறார், பேசுவார். நான் சரியாகத் தூங்குவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ என்னிடம் எப்போதும் சொல்வதுபோல், “நல்லாத்தான் இருக்கோம்” என்று அவரிடம் சொல்லிவிடாதே.