பள்ளிக் கஞ்சியும் கால் வீக்கமும்

ரமழான் பிறை பதினொன்று, இரவு.

ஒரு வழியாக இவர் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். மூச்சு முட்டியதால் போன இரண்டு இரவும் கதிரையில் உட்கார்ந்தபடியே விடிந்தது. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. கறியில் உப்பைக் கூட்டிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று டயலிசிஸுக்கு முன் எடை பார்த்த தாதி இவரிடம் நேராகவே கேட்டார். "நானா, உண்மையச் சொல்லுங்க. உப்பா என்ன சாப்பிட்டீங்க?"

இவர் என்னைப் பார்க்காமல், "பள்ளியில கஞ்சி குடிச்ச" என்றார். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்தில், தினமும் இரண்டு கோப்பையாம்! சிறுநீரகம் பழுதாகி, நோன்பே பிடிக்கக் கூடாதென்று டொக்டர் சொன்ன மனுஷன்!

மெஷின் உப்பையும் நீரையும் மெல்ல மெல்ல இழுத்தெடுத்தது. பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறும்போது செருப்பு காலில் தளர்வாகவே இருந்தது. பஸ்ஸிலேயே ஏசினேன்.

"நோன்பும் இல்ல, கஞ்சியும் இல்லாட்டி, நான் அங்க யாரு?" என்றார்.



நாளை உப்பில்லாக் கஞ்சி நானே காய்ச்சி, பாதிக் கோப்பை அளந்து பிளாஸ்கில் கொடுத்து அனுப்புவேன். எல்லோரோடும் உட்கார்ந்து குடிக்கட்டும்.

குறட்டைச் சத்தம் தாங்க முடியவில்லை. விடட்டும், நன்றாக விடட்டும்.