இரண்டு கப்பலுக்கும் நம் கடைதான்

மச்சான்,

இன்று காலை கொட்டாஞ்சேனைக் கடையில் சோயா சோஸ் போத்தல் ஒன்று உடைந்து, இடமெல்லாம் அந்த வாடை. நீ கண்மூடிய பிறகு என்னோடு கடையைப் பார்க்கும் உன் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் இருவரையும் ஒரு வழி பண்ணிய சாமான் அல்லவா அது.

பல வருடத்துக்கு முன் அந்த வாரம் இந்தியப் போர்க்கப்பலும் சீனப் போர்க்கப்பலும் ஒரே நேரத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்திருந்தன. அது ஏன் வந்தது என்று இதுவும், இது ஏன் வந்தது என்று அதுவும் முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் மரக்கறி, பலசரக்கு கொடுத்தது நம் கடை. அவசரத்தில் பெட்டிகளின் லேபலை நான் மாற்றி ஒட்டிவிட்டேன். சீனர்களுக்குப் பருப்பும் மாங்காய் ஊறுகாயும் போயின. இந்தியர்களுக்குச் சோயா சோஸும் காய்ந்த காளானும்.

வேறு நேரமென்றால் சிரித்துவிட்டு மாற்றி எடுத்திருப்பார்கள். அன்று இரண்டு கப்பல்காரரும் நம்மைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "மற்றக் கப்பல்காரர்தான் இப்படி அனுப்பச் சொன்னார்களா?" என்று இரண்டு பக்கமும் அதே கேள்வி. தலையாட்டியிருந்தால் தப்பியிருப்போம். நான் ஆட்டத் தயாராக இருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீதான் "இல்லை சேர், பிழை எங்கட" என்றாய். துறைமுக அதிகாரிகள் உள்ளே போகும் உன் பாஸைப் பறித்துக்கொண்டார்கள். மூன்று மாதம் வாசலில் நின்றே லொறிகளை உள்ளே அனுப்பினாய். "ஒருத்தனைக் காட்டிக் குடுத்து மற்றவனிட்ட நல்ல பேர் எடுத்தா, பிறகு ரெண்டு பேருக்கும் நாங்க எடுபிடிதான்டா" என்றாய். லேபலைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

அமெரிக்கக் கப்பல் வந்தால் அப்போதெல்லாம் அயர்ன் பண்ணிய சட்டையோடு ஓடுவோமே, ஞாபகமா? இப்போது அவர்களுடைய ஆள் வந்தால் உன் மகள், "முறை வருமட்டும் இருங்க சேர்" என்கிறாள். அவரும் இருக்கிறார். நீ பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பெரியவர் குரல் தணிந்ததும் இந்தியா, சீனா என்ற பக்கத்து வீட்டார் இருவரின் குரலும் ஏறிவிட்டது. போன வாரம் அந்த இருவரில் ஒரு நாட்டின் கப்பல் ஏஜென்ட் ஒப்பந்தத்தோடு வந்தார். வருடம் முழுவதும் ஓடர் தருவார்களாம். மற்ற நாட்டுக் கப்பலுக்கு ஒரு வெங்காயமும் போகக்கூடாதாம்.

"மாட்டன் எண்டா கடையை மூட வேண்டி வருமா அங்கிள்?" என்று உன் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"வரலாம் பிள்ளை."

"அப்பா இருந்திருந்தா இதுல கையெழுத்து வைப்பாரா?"

நான் ஏஜென்ட் பக்கம் திரும்பினேன். "மன்னிக்கணும் சேர். எல்லாருக்கும் குடுக்கிற கடை இது. உங்களுக்கும் தருவம்" என்றேன். ஒப்பந்தத்தை மடித்து அவர் பக்கமே தள்ளி வைத்தேன், மச்சான்.

நான்கு நாள் போன் அடிக்கவில்லை. இன்று பின்னேரம் அதே ஏஜென்ட்தான் எடுத்தார்: நாளைக் காலை மரக்கறி வேண்டுமாம். ஒரு மணித்தியாலத்தில் மற்றப் பக்கத்து ஓடரும் வந்தது. உன் மகள் இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீ அன்று சொன்ன "இல்லை"யை இத்தனை வருடம் பாரமாகத்தான் சுமந்தேன். உன் பாஸ் பறிபோன அந்த வாசலை ஒரு நாளும் தலை நிமிர்ந்து கடந்ததில்லை. நாளைக்குக் கடப்பேன்.