இருபத்து மூன்று அபிப்பிராயங்கள்

காட்டுப்பாக்கம், சென்னை-56
17-10-1999

அன்பு மகன் குணசேகரனுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், நீயும் டென்வரில் சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் எழுது. என் மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்ததை ஜூலையிலேயே அப்பா உனக்கு எழுதியிருப்பார். அதற்குப் பிறகு உனக்கு வந்ததெல்லாம் அவர் கையெழுத்துதான், தண்ணீர் லாரி வந்தது, தண்ணீர் லாரி வரவில்லை என்று நாலு வரி. இப்போது விரல்கள் மடங்குகின்றன, எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் சித்தி மகளுக்குத் திருவேற்காடு கோயிலில் தை மாதம் கல்யாணம், பட்டுப்புடவை எடுத்தாயிற்று. மாடிப்படியில் வெடிப்பு விட்டிருந்தது, பூசியாயிற்று. வீட்டுச் செய்தி இவ்வளவுதான், மீதி எல்லாம் உன்னைப் பற்றியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமாயூன் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கடையில் இண்டர்நெட்டும் இருக்கிறது. நீயும் அவரும் இன்னும் அறுபது பேரும் ஒரு குழுவாம், உலகத்தில் எங்கெங்கோ இருந்துகொண்டு தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்கிறீர்களாம், எதைப் படிக்கலாம் எதை விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொள்கிறீர்களாம். நீ ஒரு மாதமாக அங்கே ஒன்றும் எழுதவில்லை, கேட்டதற்கு வேலை அதிகம் என்று இரண்டு வரி போட்டாய், அதனால் உனக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று விசாரிக்க வந்தார். அப்பாவும் உனக்கு ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினார். ஹுமாயூன் போகும்போது ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனார். நீ அந்தக் குழுவில் எழுதிய இருபத்து மூன்று புத்தக அபிப்பிராயங்கள், அச்சடித்து, மேலே உன் பெயர் போட்டு.

முதல் தாளில் நாலாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உனக்கு எழுதிய கடிதங்கள். அப்பாவின் குடலிறக்கத்தையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் எடுத்துவிட்டிருந்தாய், நல்ல காரியம். மற்றதெல்லாம் என் வார்த்தைதான், கமா கூட மாறவில்லை. ஓர் இடத்தில் குக்கர் விசில் வந்ததால் அந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படிக்க வேண்டியதாயிற்று என்று நான் எழுதியிருந்ததை மட்டும் எடுக்க மறந்துவிட்டாய். அதற்குக் கீழே நாலு பேர், ஓர் ஆணுக்குச் சமையலறையைப் பற்றி இவ்வளவு நுட்பமான பார்வையா என்று உன்னைப் பாராட்டியிருந்தார்கள். நீ ஏன் திடீரென்று எழுதுவதை நிறுத்தினாய் என்பதும் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, என் கை மாவுக்கட்டில் இருந்தது.

ஃபைலை மூடி மேஜைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை. உன் அப்பா பாடியில் இருக்கிற தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தார், கல்யாணமான நாளிலிருந்து நான் புத்தகம் படித்தால் கண் கெட்டுப்போகும் என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. ஒரு கதை நன்றாக இருக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். என் கடிதங்களை மடித்துக் கவரில் போட்டு ஒட்டுவார், ஒரு நாளும் படித்ததில்லை. அவர் அந்த ஃபைலைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. பால் வாங்கப் போகும்போதும் அதோடு போனார். "பார்த்தியா, கொணா எப்டி எழுதிக்கீறான்! நீயும்தான் முப்பது வருசமா படிச்சிகினு கீற, இப்டி ஒரு வார்த்த வந்துதா உன் வாய்ல?" என்று என்னையே கேட்டார். நான் சொன்ன வார்த்தைகளை எனக்கே தினம் காலையில் வாசித்துக் காட்டி அர்த்தமும் சொன்னார். மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஹுமாயூன் மறுபடி வந்தார். அப்பா ஃபைலைத் திறந்து, தனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான் என்று அந்த இரண்டு பாக நாவலைப் பற்றியதை அவருக்கு உரக்கப் படித்தார். நான் இடது கையால் காபி டம்ளரை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகம் முழுக்க அந்தப் பெண் அழுகிறாள் என்று படித்துவிட்டுத் தாளைப் புரட்ட விரலை எச்சில் பண்ணினார். அந்த இடைவெளியில் நான், "ஒருவரும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, எழுதியவர் அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று தெரிகிறது" என்று முடித்தேன். அப்பா தாளைப் புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இது உனக்கு எப்டித் தெரியும்?" என்றார். நான்தான் எழுதினேன், ஏப்ரல் மாசம், நீங்கதான் கவரை ஒட்டினீங்க என்றேன். ஹுமாயூன் காபியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இனிமே நீங்களே எழுதுங்கம்மா, நான் டைப் பண்றேன்" என்றார். அப்பா ஃபைலை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். அன்றைக்கு லாரி வருகிற நாள் இல்லை.

அடுத்த வாரம் ஹுமாயூனின் கடைக்குப் போய், புதிதாகப் படித்த ஒரு நாவலைப் பற்றிச் சொல்லி, என் பெயரிலேயே போடச் சொன்னேன். இரண்டு நாளில் தோஹாவிலிருந்து வீராசாமி என்பவர் பதில் போட்டார். குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மையாருக்கு நல்வரவு, ஆனால் அம்மையார் நண்பர் குணசேகரனின் நடையை அப்படியே காப்பியடிக்கிறார், சொந்தக் குரலில் எழுதிப் பழகுவது நல்லது என்று. மூன்று பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். ஹுமாயூனுக்குக் கோபம் வந்துவிட்டது, உள்ளதை எழுதிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். உன்னைப் பற்றி அப்படி ஒன்றை என் பெயரில் என்னால் எழுத முடியாது, அறுபது பேர் முன்னால் உனக்கு இருக்கிற மரியாதை என்னால் போகக் கூடாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன், அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாம் தேதி புதன்கிழமை அவர் என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறார். ஹுமாயூனை உட்காரவைத்து டைப் பண்ணச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்: "ஐயா வீராசாமி அவர்களுக்கு. அந்த அம்மா யாரையும் காப்பி அடிக்கவில்லை. குணசேகரன் எழுதியதெல்லாம் அவன் அம்மா அவனுக்குக் கடிதத்தில் எழுதியது. அவள் முப்பத்திரண்டு வருஷமாக என் வீட்டில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்காததற்கு நானே சாட்சி. இப்படிக்கு, ம. மணவாளன், ஓய்வு பெற்ற ஃபிட்டர்."

அவர் செய்ததில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அதற்கு ஒருவரும் பதில் போடவில்லையாம். மறுநாள் பத்தொன்பது பதில். வீராசாமி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்தது எதைப் படிக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் இது உண்மையா என்று உன்னைக் கேட்கிறார்கள். நீ பத்து நாளாகப் பதில் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இரண்டு நாள் இருந்தது, பிறகு குறைந்துவிட்டது. நீ எடுத்துக்கொண்டதைவிட, சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. நான் சொல்வதைக் கேட்க உலகத்தில் நீ ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எழுதினேன். அறுபது பேர் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பேன். மார்ச் கடிதத்தில் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன், அதையும் நீ அப்படியே போட்டிருக்கிறாய், அதிலிருந்துதான் எனக்கு ஒரு சந்தேகம். இந்த இருபத்து மூன்றில் ஒரு புத்தகத்தையாவது நீ படித்தாயா? படித்திருந்தால் அதைப் பற்றி உனக்கு என்ன தோன்றியது என்று எனக்கு எழுது, நான் சொன்னது தப்பு என்று நினைத்த இடம் இருந்தால் அதை முதலில் எழுது. படிக்கவில்லை என்றால் அதையும் எழுது, சின்னதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன், நூறு பக்கம்தான்.

குழுவுக்கும் நீயே உன் கையால் இரண்டு வரி போட்டுவிடு. நீளமாக வேண்டாம், நீளமாக எழுதினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொள். பசியோடு ஆபீஸுக்குப் போகாதே. எண்ணெய்க் குளியலை விடாதே. பகவான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், இந்தத் தடவை புத்தியை முதலில் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அப்பா எடுத்தாலும் வைத்துவிடாதே, அவர் உன்னிடம் பேசவேண்டும் என்று பத்து நாளாகப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் மேல் குறையாத அன்புடன்,
அம்மா
ம. வசந்தகுமாரி