காலண்டருக்குப் பின்னால் கரையான்

திண்டுக்கல் வீட்டை வாங்கப்போகிறவர் இன்று காலை கரையான் பார்க்கும் ஆளைக் கூட்டிவருகிறார். மதுரையில் அவர்கள் குடிபோக மகன் பார்த்திருக்கும் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் புறப்பட்ட சபுரா, பள்ளிவாசலுக்குப் போயிருந்த கணவருக்குச் சீட்டு எழுதினாள்.

“மச்சான், இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மாடிச் சாவி ஆணியில தொங்குது. உள்ரூம்புச் செவுத்துல கரையான் ஏறுனத மறைக்க நீங்க மாட்டுன காலண்டரக் கழட்டிட்டேன். வையாதீங்க. வாங்குறவுகள ஏமாத்தக் கூடாது.”

மூடிய பேனாவை மறுபடி திறந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

“அது மட்டும் இல்ல மச்சான். அவுக வேணாம்னு போயிறணும்னுதான் கழட்டுனேன். இந்த வீட்ட விட்டா எனக்கு எங்கயும் ஒறக்கம் வராது. போயிட்டாகன்னா ஒடனே போன் போடுங்க. பஸ்ஸு கொடைரோட்டத் தாண்டியிருந்தாலும் எறங்கித் திரும்பிருவேன்.”