பிசிறு வெட்டியவன்

மார்ச் 11, செவ்வாய்

முன்தோலை எடுத்தாயிற்று. நாற்பத்தாறு வயதில்! "சின்ன ஆபரேஷன்தான் சார், பயப்படாதீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான் டாக்டர். மீசைகூட இன்னும் முழுசாக முளைக்கவில்லை. இவன் எனக்குத் தைரியம் சொல்கிறான்.

கம்பெனியில் குடலிறக்கம் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறேன். மேனேஜர் போனில் "எந்தப் பக்கம்?" என்றார். "நடுவில்" என்றேன். "ஓஹோ" என்றார். அந்த மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் ஓஹோதான்.

மார்ச் 12

லுங்கியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நர்ஸ் சொன்ன யோசனை. பார்க்கிறவன் சிரிப்பான்.

மனைவி காபியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, "ஏதாவது வேணுமா?" என்றாள். "வேண்டாம்." எங்கள் வீட்டில் இதற்கு மேல் பேச்சு கிடையாது. இரண்டு வருடமாக அவள் படுக்கை அடுத்த அறையில். "இந்த வயசுல இதெல்லாம் உனக்குக் கேவலமா இல்ல?" என்று, அவள் நெருங்கி வந்த ஒரு நாள் கேட்டேன். மறுநாளே தலையணையோடு போய்விட்டாள். போகட்டும். கிட்டே வந்தால் வலி உயிர் போகிறது என்று ஒரு பொம்பளையிடம் சொல்லிக்கொண்டு நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மார்ச் 14, வெள்ளி

கட்டைப் பிரித்துவிட்டு நர்ஸ் பாடம் எடுத்தாள். "தையல் தானா கரைஞ்சு விழுந்துடும். நீங்க கை வைக்காதீங்க." நூல் கரையுமாம்! சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து காலமெல்லாம் தையல் பார்த்தவனிடம் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதற்குப் பெயர் தையலா? அடியில் இரண்டு நெருக்கமாக, பக்கத்தில் ஒன்று எங்கேயோ தள்ளி. ஒவ்வொரு முடிச்சுக்கு மேலும் நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிசிறுகூட வெட்டாமல் சரக்கை வெளியே அனுப்பியிருக்கிறான் அந்த டாக்டர். என் மேஜைக்கு வந்திருந்தால் தைத்தவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

பிசிறு லுங்கியில் சிக்கிச் சிக்கி இழுக்கிறது. சகிக்கவில்லை. என் டிரிம்மரை, அதுதான் கம்பெனியில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை, ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். எல்லா நூலையும் ஒட்ட வெட்டியாகிவிட்டது. இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவன் அவன், வேலை செய்கிறவன் நான்.

மார்ச் 17

ஒரு முடிச்சைக் காணோம்.

மார்ச் 18

இன்னும் இரண்டு போச்சு. அடிப்பக்கம் வாய் பிளந்து நிற்கிறது. சொன்னேனா இல்லையா? மட்டமான தையல்.

மார்ச் 20

வீக்கம். சீழ். உடம்பு கொதிக்கிறது. ஐயோ, ஒண்ணுக்குப் போக முடியல — போனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. யார்கிட்டடா சொல்றது இத? மேனேஜர்கிட்டயா? ஓஹோம்பான்.

கடைசியில் மனைவிதான் கதவைத் தட்டினாள். "முனகுற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. ஆட்டோ சொல்லிட்டேன். கெளம்புங்க."

மார்ச் 21

நேற்று ஆஸ்பத்திரியில் நுழைந்த உடனே கத்தினேன். "என்னய்யா தையல் போட்டிருக்கே? ஒரு வாரத்துல பிரிஞ்சிடுச்சு! பெரிய டாக்டரக் கூப்பிடு!" அந்த மீசை முளைக்காத டாக்டர் விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தான். இடுக்கியால் ஒரு நூல் துண்டை எடுத்துக் காட்டினான்.

"தானா அறுந்திருந்தா நுனி நார் நாரா இருக்கும் சார். இது நறுக்குன மாதிரி நேரா இருக்கு. யாரோ வெட்டியிருக்காங்க."

 வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே இதுதான்.

மனைவி பக்கத்திலேயே நின்றாள். வெளியே போகச் சொல்லியும் போகவில்லை. "டிரிம்மர் பாத்ரூம் ஜன்னல்ல இருந்துச்சு டாக்டர்" என்றாள்.

ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழுமாம். அதற்காகத்தான் நீளம் விடுவதாம். சீழ் இருக்கும்போது மறுபடி தைக்க முடியாது; திறந்த புண்ணாகவே விட்டு, தினமும் கழுவிக் கட்டி ஆற்ற வேண்டும். சதை கறுத்தால் இன்னொரு ஆபரேஷன், இந்த முறை தோலோடு நிற்காது என்றான்.

அத்தோடு விட்டானா? அவளைப் பார்த்து, "முன்தோல் அவ்வளவு இறுக்கமா இருந்ததுக்கு மனுஷன் ரெண்டு வருஷமாவது வலியில துடிச்சிருப்பாரே. நீங்களாவது முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றான்.

ஆட்டோவில் அவள் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வரும்போது, "வலிதானா?" என்றாள். "வேற ஒண்ணும் இல்லையா? வெறும் வலிதானா?"

தலையாட்டினேன்.

"த்தூ" என்றாள். "ரெண்டு வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு என் மூஞ்சியப் பாத்து அழுதிருக்கேன்."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். இவனுக்கென்ன வந்தது.

மார்ச் 23

அடிப்பக்கம் எனக்கு எட்டவில்லை, தெரியவும் இல்லை. கண்ணாடியும் கையுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் வந்து தரையில் உட்கார்ந்து, "காட்டுங்க" என்றாள்.

ஒட்டிக்கொண்ட துணியை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுத்தாள். "மெதுவாடி" என்றேன். "கம்பெனியில பொண்ணுங்கள இப்படித்தான வெரட்டுவீங்க? வாய மூடிட்டு நில்லுங்க."  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கக் கேவலமாக இருந்தது.

மார்ச் 29

கறுக்கவில்லை. சிவப்பாகப் புதுச் சதை வருகிறதாம். ஏதோ பரீட்சை பாஸானவள் மாதிரி டாக்டரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போடும் கட்டு தினமும் கோணல். நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஏப்ரல் 16

ஆறிவிட்டது. தழும்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நிற்கிறது. "பாக்க அழகா இல்ல சார். ஆனா இனிமே வலிக்காது" என்று சிரித்தார் டாக்டர். பரவாயில்லை, இதை ரிஜெக்ட் செய்ய முடியாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வந்தால், கட்டிலில் சுவர்ப்பக்கம் அவள் தலையணை. வந்து படுத்துக்கொண்டாள். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள், குளிருகிறதாம். இந்தப் புழுக்கத்தில் யாருக்காவது குளிருமா? கொஞ்சமாவது அறிவு வேண்டாம்?

குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதற்குள் குறட்டை வேறு.