பழைய துறையில் நிற்பவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். "நாங்கள் சுகம்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருந்தால் எனக்கு அது போதும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரைப் போடு என்று உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். விடுமுறைக்குக் குட்டியை மட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறேன், தாத்தாவோடு படகில் போகட்டும் என்றாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுதும் படித்துவிட்டு முடிவு செய்.

போன ஞாயிறு மதியம் நல்ல காற்று, மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. இந்தக் காற்றில் எவனாவது படகு எடுப்பானா என்றேன், "காத்து இல்லாம பாய் எதுக்குடி, போர்த்திக்கவா?" என்று கேட்டார். தனியாக விட மனசில்லாமல் நானும் ஏறினேன். குடாவின் நடுவில் அலை முழங்கால் வரை வந்து அடித்தது, ஆனால் அவர் கை இருக்கிறதே, அதற்கு ஒரு குறையும் இல்லை. பாயைப் பாதியாகச் சுருக்கினார், எந்தக் கயிற்றை எப்போது விட வேண்டுமோ அப்போது விட்டார், சீட்டிகூட அடித்தார். நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்று நினைத்தேன். திரும்பும்போது படகு நம் துறைக்குப் போகவில்லை. வடக்கே திருப்பிவிட்டார், பழைய துறைக்கு. உன் கல்யாண வருஷம் இடித்தார்களே, அதே துறைதான். இப்போது அங்கே தண்ணீருக்கடியில் இரும்புத் தூண்களின் அடிக்கட்டை மட்டும்தான், மேலே நுரை. காற்று பின்னாலிருந்து தள்ள, படகு அம்பு மாதிரி அதை நோக்கிப் போகிறது. என் கையில் கயிற்றைத் திணித்து, "வீசு, அண்ணன் நிக்கிறாரு பாரு, புடிச்சுக்குவாரு" என்கிறார். உன் பெரியப்பா இறந்தபோது அழுது மாளாமல் தரையில் உட்கார்ந்தவர் இவர். சுக்கான் பிடியை அவர் கையோடு சேர்த்து இழுத்தேன், படகு சாய்ந்து சுழன்றது, அடியில் ஏதோ நறநறவென்று உரசியது, தப்பித்தோம். அதற்கு என்ன சொன்னார் தெரியுமா, "உனக்கென்ன பைத்தியமா? அவரு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, கயித்தைக் குடுக்காம வர்ற!"

கரைக்கு வந்ததும் பாயை அலசி மடித்தார், காவலாளியிடம் காற்றைப் பற்றிப் பெருமையடித்தார், நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிழமை, தேதி, வீட்டு எண் எல்லாம் டாண் டாண் என்று சொல்லிவிட்டார், டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். நீயும் அப்படிப் பார்க்காதே கண்ணு. சுக்கானைக் கழற்றித் தையல் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் தேடவே இல்லை, "தொலைஞ்சா போகட்டும்" என்று புதிதாக ஒன்று செதுக்க ஆரம்பித்துவிட்டார். இதை எழுதும்போதும் பின்கட்டில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது.

காலையில் பழைய லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டு, குட்டி அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடு என்றார். இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். "அண்ணன்கிட்ட பேசிட்டேன். நான் படகுல இருந்து அவளைத் தூக்கிக் குடுப்பேன், அவரு மேல நின்னு வாங்கிக்குவாரு" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. ஜாக்கெட் இன்னும் ஊசிக்கடியில் அப்படியே கிடக்கிறது, என்னால் ஒரு தையல்கூடப் போட முடியவில்லை.

குட்டியை அனுப்பாதே. நீ மட்டும் வா, சீக்கிரம் வா. மூன்று பேரும் நூறு வயசு நல்லா இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. போனில் அவர் குட்டி எப்ப வர்றா என்று கேட்டால், பரீட்சை இருக்கிறது என்று மட்டும் சொல். தேதி எதுவும் சொல்லிவிடாதே, பழைய துறையில் நிற்பவரிடம் போய்ச் சொல்லிவிடுவார்.

உன் அம்மா